கிரவுண்டு என்று சொன்னது யார்

நண்பர்களே, போன சனிக்கிழமை காலை நடை முடிந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடினோமே, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வயதானால் தூக்கம் குறையும் என்பீர்கள். அது வேறு, இது வேறு.

நம் பூங்காவை இனி வருடத்துக்கு இரண்டு மாதம் கிரிக்கெட் பந்தயத்துக்காக அடைத்துக் கொடுக்கப் போகிறார்கள். எதிர்த்து மனு கொடுத்திருக்கிறோம். புதன்கிழமை மதியம் விசாரிக்க அதிகாரி வருகிறார். யார் என்ன பேசுவது என்று முடிவு செய்யத்தான் கூடினோம். கலைகிற நேரத்தில் நம்மில் ஒருவர் எழுந்து, "எல்லாஞ் சரிப்பா. அன்னைக்கு மாதிரி எவனும் தோட்டக்காரன் வேல பாத்துறக் கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

தோட்டக்காரன் வேலை என்றால் கூட இருந்தே காட்டிக் கொடுப்பது. போடியில் வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. ஒரே ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிய பதினோரு பெண்களின் பிள்ளைகளான நமக்குத்தான் புரியும். நம் அம்மாக்கள் விட்டுப்போன சொத்தில் இந்தச் சொல்லும் ஒன்று. சீட்டாட்டத்தில் தங்கை ஏமாற்றியதற்கு என் பேரன் அவளை இப்படித் திட்டியதை என் காதால் கேட்டேன். நான்காவது தலைமுறைக்கும் போய்விட்டது.

அந்தச் சொல்லுக்குக் காரணமான பூங்காத் தோட்டக்காரர் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதைப் புதன்கிழமைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். மரத்தடியில் எழுந்து நின்று சொல்ல அன்று வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கார்த்திகை மாதம். மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் காலம். குரங்கணிப் பக்கமிருந்தும் அதற்கு மேலிருந்தும் ஜீப்பு ஜீப்பாக மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். நமக்கு அந்த வாசம் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்தது அம்மாவின் வாசம்தான். அது ஏலக்காய் வாசம் என்று வேலைக்கு வெளியூர் போனபிறகுதான் கண்டுகொண்டேன்.

ஸ்டோருக்குள் நம் அம்மாக்கள் உட்கார்ந்திருந்த விதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? வரிசையாகத் தரையில், ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்து, முன்னால் முறம். பருவட்டுக் காய் ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், நிறம் வெளுத்தது ஒரு பக்கம். காலையில் உட்கார்ந்தால் மதியச் சங்கு ஊதும்வரை அப்படியே. கண்காணி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். ஆண்பிள்ளை நடக்கிற இடத்தில் காலை நீட்டி உட்காருவது மரியாதையில்லை என்பது அம்மாக்களின் கணக்கு. அவர் ஒன்றும் சொல்லமாட்டார்தான். ஆனாலும் யாரும் நீட்டியதில்லை.

அங்கே சாப்பிடவும் கூடாது. காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்பைத் திறந்தால் அந்த மூட்டை முழுவதும் போச்சு என்பார் கண்காணி. தலையில் மல்லிகைப் பூ இருந்தால்கூட வாசலில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் சங்கு ஊதியதும் பதினோரு பேரும் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பூங்காவுக்கு வருவார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து நாமும் ஓடிவருவோம்.

அம்மா முதலில் செய்வது சாப்பாட்டைத் திறப்பதல்ல. மரத்தில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, "யாத்தே" என்று ஒரு பெருமூச்சு விடுவார். முழங்கால் மளுக்கென்று சத்தம் போடும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அப்போது நான் கூப்பிட்டால் பதில் வராது. ஒரு நாளில் அம்மாவுக்கென்று இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

அந்தப் பூங்காவில் அப்போது ஒரு ரேடியோ ரூம் இருந்தது. நாலு தூண், ஓட்டுக் கூரை, உச்சியில் புனல் மாதிரி ஒரு குழாய். சாயங்காலம் செய்தி படிக்கும். மழை பெய்தால் அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு சாப்பிடுவோம். இரும்புச் சங்கிலி ஊஞ்சல் இரண்டு இருந்தன, ஒன்று எப்போதும் உடைந்தே இருக்கும். இதெல்லாம் எங்கே போயின என்று கேட்டால் இன்று ஒருவருக்கும் தெரியாது.

தோட்டக்காரர் நகராட்சி ஆள். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் சுருட்டிய ரப்பர் குழாய். அதிகம் பேசமாட்டார். மதியம் எல்லோரும் சட்டியைத் திறந்ததும், விளிம்பில் ஒரு நெளிசல் விழுந்த அலுமினியத் தட்டைக் குழாயடியில் கழுவிக்கொண்டு வருவார். ஒவ்வொருவரும் ஒரு பிடி வைப்பார்கள். ரேஷன் அரிசிச் சோறு, கேப்பைக் களி, முருங்கைக்கீரை, கருவாடு, பெருநாளுக்கு மறுநாள் என்றால் பிரியாணி. எல்லாம் ஒரே தட்டில். "பதினோரு வீட்டுக்கு ஒரே மருமகன்டி இவரு" என்று பக்கத்து வீட்டு அத்தை கேலி செய்வார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். அவருக்கு மனைவி இல்லை என்பதும், மகளைச் சிலமலையில் அக்காள் வீட்டில் விட்டிருந்தார் என்பதும் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அம்மாக்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

தை மாதக் கபடிப் போட்டி முன்பெல்லாம் ஆற்று மணலில் மூன்று நாள் நடக்கும். பிறகு பெரிதாகிவிட்டது. வேறு மாநில அணிகள் வந்தன, மின்விளக்கு வந்தது, உட்கார்ந்து பார்க்கக் காலரி வேண்டும் என்றார்கள். ஊர் நடுவில் இருக்கும் பூங்கா கமிட்டிக்காரர்கள் கண்ணில் பட்டது. பத்து நாள் ஆட்டத்துக்குக் கார்த்திகையில் தகரம் அடைத்து, மாசியில்தான் பிரித்தார்கள். அந்த முதல் வருடம் நம் அம்மாக்கள் ஸ்டோர்ச் சுவரோரம் சாக்கடைப் பக்கம் நின்றபடி சாப்பிட்டார்கள். மழை பெய்தால் முந்தானையைச் சட்டிக்குக் குடையாகப் பிடிப்பார்கள். அம்மா நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போய்க் காலை மடக்கி உட்காருவார். ராத்திரி முழங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு, "ஒரு எடம் இல்லையேடி, காலை நீட்ட ஒரு எடம் இல்லையே" என்பார். எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கபடி ரொம்பப் பிடித்திருந்தது. மலை எஸ்டேட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் இறங்கி வரும் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டினார்.

அடுத்த வருடம் தகரம் வருவதற்கு முன்பே பதினோரு பேரும் மனு கொடுத்தார்கள். கைநாட்டும் கையெழுத்துமாக. எழுதிக் கொடுத்தவர் நம் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர்தான் ஒரு சங்கதியைக் கண்டுபிடித்து வந்தார். நகராட்சிப் பதிவில் அந்த இடத்துக்குத் 'திறந்தவெளி' என்று மட்டும் இருந்தது. பூங்கா என்று முடிவானால் பந்தயத்துக்குக் கொடுக்க முடியாது, மைதானம் என்று முடிவானால் கொடுக்கலாம். விசாரிக்க வரும் அதிகாரி ஜனங்களைக் கேட்டுத்தான் எழுதுவார்.

இங்கேதான் சிக்கல். ஊரில் ஒரு ஜீவன் அதைப் பூங்கா என்று சொன்னதில்லை. போர்டு துருப்பிடித்து எழுத்தெல்லாம் போய்விட்டது. அம்மாக்களுக்கும் நமக்கும் அது கிரவுண்டு. "கிரவுண்டுக்கு வெரசா வாங்கடி", "கிரவுண்டுல பூப்பறிக்காதே", எல்லாமே கிரவுண்டுதான். மரமும் பூச்செடியும் ரேடியோ ரூமும் உள்ள இடத்தைப் போய் எவன் முதலில் கிரவுண்டு என்றானோ தெரியாது.

வாத்தியார் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து அம்மாக்களுக்குப் பாடம் எடுத்தார்.

"இது என்ன எடம்?"

"கிரவுண்டு."

"ஆத்தா, அந்தச் சொல்ல மறந்துருங்க. பூங்கா. சொல்லுங்க, பூங்கா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "சார், அது எங்க நாத்தனா பேரு. பூங்காவனம். அவள நெனச்சா சோறு எறங்காது."

"வனம் வேணாம்மா. பூங்கா மட்டும்."

பதினோரு பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி பூங்கா, பூங்கா என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். அம்மா அடுப்படியில்கூடத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். வாத்தியார் கெட்டிக்காரர்தான். ஆனால் பெரியவர்களிடம்தான் கேட்பார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நாம் வேடிக்கை பார்த்துச் சிரித்ததோடு சரி.

அதிகாரி வந்த அன்று அம்மாக்கள் அரைநாள் லீவு போட்டு, துவைத்த சேலை கட்டி வரிசையாக நின்றார்கள். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். பதினோரு பேரும் தப்பாமல் பூங்கா என்றார்கள். அத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, 'வனம்' வெளியே வராமல் விழுங்கிக்கொண்டார். வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதிகாரியும் நோட்டை மூடிவிட்டார்.

மூடிவிட்டுக் கைகழுவக் குழாயடிக்கு வந்தார். நான் ஊஞ்சலில் இருந்தேன். நீங்களெல்லாம் அன்று ரேடியோ ரூம் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு எட்டு தள்ளித் தோட்டக்காரர் செவ்வந்திப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடம் போகலியா பாப்பா?" என்றார் அதிகாரி.

"சாப்பாட்டு மணி சார்."

"தெனமும் இங்கதான் வருவியா?"

"ஆமா சார். அம்மாகூட கிரவுண்டுலதான் சாப்புடுவேன்."

"எங்க சாப்புடுவ?"

"கிரவுண்டுல."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. நோட்டை மறுபடி திறந்து ஏதோ எழுதினார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒரு அதிகாரி நான் சொன்னதை எழுதிக்கொள்கிறாரே என்று. திரும்பிப் பார்த்தேன். தோட்டக்காரர் அசையாமல் நின்றார். கையிலிருந்த குழாய்த் தண்ணீர் பாத்தி நிரம்பி நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

உத்தரவு வந்ததும் வாத்தியார் நம் சந்துக்கு வந்து படித்துக் காட்டினார். முழுவதும் எனக்குப் புரியவில்லை. ஒரு வரி புரிந்தது. மனுதாரர்கள் பூங்கா என்று சொன்னபோதிலும், அந்த இடத்தை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரே அதைக் கிரவுண்டு என்று கூறியிருப்பதால் மைதானமாகவே கருதலாம், என்று அந்த வரி.

"எவன் சொன்னது?" என்றார் அம்மா.

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

இரண்டு நாளில் தகரம் அடித்தார்கள். வாசலில் யார் நின்றார்கள்? புதுக் காக்கியும் கையில் பட்டையுமாகத் தோட்டக்காரர். நகராட்சி அவரைக் காவலுக்குப் போட்டிருந்தது, மாட்டேன் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. இப்போது எல்லாம் புரிகிறது. அன்று அந்தக் கைப்பட்டையைப் பார்த்ததுமே பதினோரு பேருக்கும் விடை கிடைத்துவிட்டது. "எங்க கையில வாங்கித் தின்னுட்டு எங்க காலையே ஒடைச்சுப்புட்டாரே" என்று அம்மா தெருவில் நின்று அழுதார். அழுகிற அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது.

மாசியில் தகரத்தைப் பிரித்தார்கள். புல்லெல்லாம் செத்து, கம்பு நட்ட குழிகளும் உடைந்த சோடா பாட்டிலுமாகக் கிடந்தது. ஒரு ஊஞ்சலைக் காணோம். அம்மாக்கள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து சட்டிகளைத் திறந்தார்கள். தோட்டக்காரர் தட்டைக் கழுவிக்கொண்டு வந்தார். எப்போதும்போல முதலில் அம்மாவிடம்தான் வந்தார்.

அம்மா தூக்குச் சட்டியின் மூடியை எடுத்து மூடினார். அடுத்து அத்தை மூடினார். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக, டக், டக் என்று. உங்களில் சிலர் பார்த்தீர்கள்.

அவர் தட்டை இறக்கினார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குழாயடிக்குப் போய், சோறே படாத அந்தத் தட்டை மறுபடி ஒருமுறை கழுவிவிட்டுப் போனார். அதற்குப்பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்ததில்லை. சில மாதத்தில் தண்ணித்தொட்டி வேலைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார் என்றார்கள். "மனசாட்சி உறுத்தியிருக்கும்" என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதல் வேலை சிலமலைப் பால்வாடியில். சேர்ந்த வாரமே, ஒரு சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த தாத்தாவைப் பார்த்ததும் அந்தத் தோட்டக்காரர் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் அவர் வராததால் பிள்ளையை வீட்டில் விட நானே போனேன். சாப்பிட உட்காரப் போகிற நேரம். நின்ற வாக்கிலேயே, "அய்யா, நான் போடிக்காரி. அந்த அதிகாரிகிட்டக் கிரவுண்டுன்னு சொன்னது நாந்தேன்" என்றேன்.

"தெரியும் ஆத்தா. பக்கத்துல தான நின்னேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒங்கம்மா ஒன்னையப் பிச்சு எடுத்திருப்பா. அதுபோக, நான் நல்லவன்னு காட்ட ஒரு பச்சப்புள்ளையப் பிடிச்சுக் குடுக்கச் சொல்றியா?" பேத்தியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நானுங் கிரவுண்டுன்னுதான சொல்லுவேன். என்னையக் கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் உள்ளே பார்த்து மகளிடம், "டீச்சர் சாப்புடலம்மா. அந்தத் தட்டக் கொண்டா" என்றார். விளிம்பில் நெளிசல் விழுந்த அதே தட்டு. தன் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் வைத்தார்.

"ஒங்கம்மா கருவாட்டுக் கொழம்பு இப்பவும் வைக்கிறாளா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "ஏன்டி கண்ணு செவந்திருக்கு?" பஸ்ஸில் தூசி என்றேன். அதற்குப்பிறகு எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். கடைசி நாட்களில் அம்மாவால் முழங்காலை நீட்டவே முடியவில்லை. நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். தேய்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொல்லவில்லை. அவர் அந்த மனுஷனை வெறுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். இதற்காக என்னால் மன்னிக்க முடியவில்லை, வேறு யாரையும் அல்ல, என்னைத்தான்.

இனி புதன்கிழமைக்கு வருவோம். பதிவில் இன்றும் 'திறந்தவெளி'தான், அதே கேள்வியைத்தான் இந்த அதிகாரியும் கேட்பார். முதல் காரியமாக நம் வாட்ஸ்அப் குழுவின் பெயரை மாற்றுங்கள். 'கிரவுண்டு வாக்கர்ஸ்' என்று வைத்துக்கொண்டு பூங்காவைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறோம், நம்மைப் பார்த்து நாமே சிரிக்க வேண்டியதுதான். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வாருங்கள். அதிகாரி முன்னால் முதலில் என்னைப் பேச விடுங்கள். கிரவுண்டு என்று சொன்ன பிள்ளை நான்தான் என்று அவரிடமும் உங்களிடமும் சொல்லிவிட்டு, மற்றதைப் பேசுகிறேன்.

அவர் வருவது மதியம். எல்லோரும் வீட்டிலிருந்து சோறு கொண்டு வாருங்கள். மரத்தடியில் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த இடம் எதற்கு என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். நான் கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

சட்டியைத் திறந்ததும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வையுங்கள். தோட்டக்காரர் இறந்தபோது அவர் மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். தட்டு என்னிடம் இருக்கிறது, கழுவிக் கொண்டு வருகிறேன்.